கேள்வி போட்டவனே தேறாத தேர்வு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கு நீங்களும் என் தங்கையும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் வேலை பார்க்கும் நகராட்சி அலுவலகத்தில் எனக்காக ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று ஆறு மாதத்துக்கு முன் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். இனிமேல் திறமைக்குத்தான் வேலை, சிபாரிசுக்கு இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்களே. பத்தொன்பது வருடமாகத் தற்காலிகமாக இந்த ஊர்க் குடிநீர் வால்வுகளைத் திறந்து மூடுகிறவன் நான். என் வேலைக்கே தேர்வு வைத்து நிரந்தர ஆள் எடுக்கிறார்கள் என்றால் எனக்கென்ன பயம் என்று மார் தட்டினேன்.

பொறியாளர் கூப்பிட்டு, வால்வுகளைப் பற்றித் தெரிந்த ஆள் வேறு இல்லை, முப்பது கேள்வி எழுதிக் கொடுங்கள் என்றார். சார், நானும் தேர்வு எழுதுகிறேனே என்றேன். கேள்வி போட்டது யார் என்பது ரகசியம், ஆகவே அது உங்களுக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார். சரியென்று எழுதிக் கொடுத்துவிட்டு, நான் போட்ட கேள்விக்கு நானே கண்ணை மூடிக்கொண்டு பதிலும் எழுதினேன். நூற்றுக்குப் பதினொன்று வந்தது. விசாரித்தால், விடைகளை வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடத்துப் பழைய வரைபடத்தைப் பார்த்துத் தயாரித்தார்களாம். அதன்படி சந்தைத் தெரு வால்வு தபால் நிலைய வாசலில் இருக்கிறது. அதைப் பிடுங்கி முடிவெட்டும் கடைப் படிக்கு அருகில் வைக்கச் சொன்னது இதே பொறியாளர், குழி தோண்டியது இதே நான். நான் எழுதிய உண்மைக்கு முட்டை. நேர்முகத்திலாவது பிழைப்போம் என்று போனால், ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று ஒரு அம்மா கேட்டார். “அதே குழியிலதாம்மா” என்றேன். லட்சியம் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

முதலாவதாக வந்தது ஓர் இளம்பெண். மூலை முடுக்கு விடாமல் அந்த வரைபடத்தை மனப்பாடம் செய்தவள். மரியாதை தெரிந்த பெண், குறை சொல்ல மனம் வரவில்லை. சேர்ந்த அன்றே தபால் நிலைய வாசலை இரண்டடி தோண்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். “அண்ணே, வரைபடத்துல வால்வு இருக்கு, தரையில இல்லையே.” அப்படியானால் வரைபடத்திலேயே திறந்துவிடம்மா என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் சந்தைத் தெருவில் வாளியோடு நிற்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இடத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து விடிந்தால் போன். நான் சொல்லச் சொல்ல ஊருக்குத் தண்ணீர் வருகிறது, அவளுக்குச் சிறந்த ஊழியர் சான்றிதழ் வருகிறது, எனக்கு மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிக் கடிதம் வருகிறது. சிபாரிசு வேண்டாம்னு சொன்ன வாயே இனி சம்பாதிச்சுப் போடட்டும் என்று சொல்லி என் வீட்டுக்காரி சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளை. இந்த வயதில் வேறு எந்தக் குழிக்குப் போவேன்?

இருந்தாலும் நான் மானஸ்தன். நாளையிலிருந்து போனை அணைத்து வைக்கப்போகிறேன். திறமை இருந்தால் வால்வு தானாகத் திறக்கட்டும். நீங்களும் எனக்காக எவரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.

தங்கைக்கு என் ஆசி, உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
எவர் தயவும் தேவைப்படாத
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தப் பெண்ணே வீடு தேடி வந்தாள். வால்வு இருக்கும் இடம் தெரிந்த உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டாளாம். தற்காலிகம்தான். தேர்வு கிடையாது, அலுவலகத்தில் தெரிந்தவர் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். ஆகவே மாப்பிள்ளை, மேலே மூடச் சொன்ன வாயை, கடிதம் கண்டதும் முதல் வேலையாகத் திறக்கவும்.