கிட்னி கொடுத்த மச்சானும் மருந்துக்கு மசியாத பூஞ்சையும்

ஆஸ்பத்திரி கட்டி, அதற்கு டோக்கன் வரிசையும் போட்டுவிட்ட ஒரு காட்டில் சடையப்பன் என்ற கரடி இருந்தது. அதற்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. மாற்றுக் கிட்னிக்கு எங்கே போவது என்று அது கவலையில் கிடந்தபோது, மனைவி வடிவின் அண்ணன் கொம்பையா தூரத்துக் குகையிலிருந்து வந்து நின்றது.

"என்கிட்ட ரெண்டு இருக்கு மாப்ளே. ஒண்ணை எடுத்துக்கிடுங்க."

நல்ல மனசுக் கரடி.

டாக்டர் மரங்கொத்தி ஒரு பக்கம் கொத்தி எடுத்து, மறுபக்கம் கொத்தி வைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

"புதுக் கிட்னியை உங்க உடம்பு வேத்தாள்னு விரட்டப் பார்க்கும். அதனால உடம்போட காவலைத் தூங்க வைக்க மாத்திரை குடுத்திருக்கேன். காவல் தூங்குறப்ப எந்தக் கிருமியும் உள்ளே வரலாம். பார்க்க வர்றவங்க கைகழுவிட்டுத்தான் தொடணும்," என்றது டாக்டர்.

கொம்பையா சீக்கிரமே எழுந்து நடமாடியது. தினமும் மாப்பிள்ளையின் கட்டிலில் வந்து உட்காரும். தன் தொடையிலிருந்த படையைச் சொறியும். அதே கையால் சடையப்பனின் தையலைப் பாசமாகத் தடவும். கைகழுவச் சொல்லச் சடையப்பனுக்கு வாய் வரவில்லை. கிட்னியே கொடுத்தவரிடம் சோப்பை நீட்டுவது எப்படி?

தையல் சிவந்தது. காய்ச்சல் வந்தது. டாக்டர் சுரண்டிப் பார்த்து, "பூஞ்சை" என்றது. மருந்து ஏற்றியது. காய்ச்சல் இறங்கவில்லை. அளவைக் கூட்டியது. பூஞ்சை சத்து மருந்து சாப்பிட்ட மாதிரி பரவியது.

"இந்த மருந்து இதுக்கு ஏற்கெனவே பழக்கம் போல. இங்கே யாருக்காவது படை, அரிப்பு உண்டா?" என்று டாக்டர் கேட்டது.

"எனக்கு உண்டு," என்ற கொம்பையா, ரோமத்துக்குள்ளிருந்து ஒரு களிம்பு டியூபை எடுத்துக் காட்டியது. "ரெண்டு நாள் தடவுவேன். அரிப்பு நின்னதும் விட்டுடுவேன். காட்டுல யாருக்கு அரிச்சாலும் நான்தான் குடுக்கிறது."

டாக்டர் டியூபில் இருந்த பெயரைப் படித்தது. "அரைகுறையாத் தடவித் தடவி, இந்த மருந்துக்குச் சாகாத பூஞ்சையா பார்த்து வளர்த்து வெச்சிருக்கீங்க. இதே வகை மருந்தைத்தான் நானும் ஏத்திக்கிட்டிருக்கேன்."

"அப்போ மருந்து சரியில்லைன்னு சொல்லுங்க," என்றது கொம்பையா.

மிச்சமிருந்தது ஒரு பழைய, கடுமையான மருந்து. பூஞ்சையைக் கொல்லும், புதுக் கிட்னியையும் கெடுத்துவிடலாம். டாக்டர் அதை எடுத்துச் சொன்னது. அந்த நேரம் பார்த்து மச்சானின் கை மறுபடி தையலை நோக்கி வந்தது. சடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"மச்சான், கைகழுவிட்டுத் தொடுங்க."

கொம்பையாவின் முகம் சுருங்கியது. "கிட்னியை வாங்கிக்கிட்டு என்னையே கைகழுவுறீங்களா மாப்ளே?" என்று கேட்டுவிட்டு வெளியேறியது. வடிவு அண்ணன் பின்னால் ஓடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது.

மருந்து ஏறும்போதெல்லாம் சடையப்பன் கட்டில் குலுங்க நடுங்கியது. கிட்னி தாங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காய்ச்சல் விட்டது. கிட்னியும் தப்பியது.

வீடு திரும்பிய அன்று கொம்பையா கோபத்தை மறந்து தேனடையோடு வந்தது. தேன் ஒழுகும் கையாலேயே மாப்பிள்ளையின் முதுகில் தட்டியது.

"என் மேலயும் தப்பு இருக்கு மாப்ளே. தூரத்துல இருந்துக்கிட்டு உங்களைச் சரியாக் கவனிக்க முடியலை. உங்க பக்கத்துக் குகையைப் பேசி முடிச்சுட்டேன். நாளைக்கே குடி வந்துடுறேன்."

சடையப்பன் வடிவைப் பார்த்தது. வடிவு குகைக் கூரையைப் பார்த்தது.

நீதி: கிட்னி தரும் மச்சான் அமைவது பாக்கியம், அவர் வெளியூரில் இருப்பது அதைவிடப் பெரிய பாக்கியம்.