மத்தியானம் ஒரு மணிக் காட்டேரி

உலகத்தில் பேய்க்கதை எழுதியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேயை வேலைக்கு வைத்தவர் எங்கள் தய்யம் அங்கிள் ஒருவர்தான். தெலுங்கில் தய்யம் என்றால் பேய். தெலுங்கு பேசும் ஊரான உப்பலில் எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகள் வைத்த பெயர் அது. எனக்கு மட்டும் அவர் அண்ணாச்சி, இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால்.

மௌலா அலி பக்கம் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில், தர ஆய்வுப் பிரிவில் அவருக்கு வேலை. வந்த சாமானில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதே உத்தியோகம் என்பதால், முகம் எப்போதும் சாவு வீட்டில் துட்டி கேட்டுவிட்டு வந்த மாதிரியே இருக்கும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு மனுஷன் எழுதியதையெல்லாம் பார்க்க வேண்டுமே! ராஜா கதை எழுதினால் போரில் செத்த வீரர்கள் மறுநாள் காலையில் சரியான நேரத்துக்கு டூட்டிக்கு வந்து நிற்பார்கள். இவர்களை விடுப்பில் எழுதுவதா வேண்டாமா என்று மந்திரி தலையைப் பிய்த்துக்கொள்வார். குடும்பக் கதை எழுதினால் ரத்தக்காட்டேரி பெண் பார்க்க வரும். பஜ்ஜியைத் தொடாது, காபியைத் தொடாது, பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பெண்ணின் அம்மா உள்ளே போய், "மாப்பிள சரியான ஆளு, சங்கிலி எத்தன பவுன்னு கண்ணாலயே எடை போடுதாரு" என்பாள்.

முதல் நாவலை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். ஒருவரும் படிக்கவில்லை, நானும்தான். பெரியவர்களுக்கு நேரமில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்துக் கூட்ட வராது. என் மகளை "சாப்பிட்டியாடி?" என்று கேட்டால் "தின்னானு மா" என்று தெலுங்கில்தான் பதில் வரும். அண்ணாச்சி ஒரு வாரம் துட்டி முகத்தோடு அலைந்துவிட்டு, "வாசிக்கத் தெரியாட்டா என்ன தாயி, காது இருக்குல்லா?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து அபார்ட்மெண்ட் க்ரூப்பில் குரல் பதிவாகப் புது நாவல் வர ஆரம்பித்தது.

வீட்டில் வைத்துப் பேச அவர் மனைவி, எனக்கு மதினி, விடமாட்டார். "வெளக்கு வைக்கிற வீட்டுல பொணம், காட்டேரின்னு பேசப்பிடாது" என்பது அவர் கட்சி. ஆகையால் ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில், சாப்பாட்டு இடைவேளையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, மே மாத வெயிலில் வேர்க்க விறுவிறுக்கப் பதிவு நடக்கும். முதல் அலறலுக்கே காவலாளி ஓடி வந்து, "கைக்கு சில்லா ரேய்ன் சாப்?" என்று கேட்டானாம். ஏன் கத்துகிறீர்கள் என்று அர்த்தம். அண்ணாச்சி கண்ணாடியை அரை அங்குலம் இறக்கி, நான் இல்லை, பேய் கத்துகிறது என்று அவன் பாஷையிலேயே சொல்லிவிட்டு மறுபடியும் ஏற்றிக்கொண்டார்.

தமிழில் வாய் திறக்காத பிள்ளைகள் ஒரு மணி ஆனால் போனைப் பிடுங்கிக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி காகிதங்களைப் படித்துப் படித்துக் கண் பூத்துப்போகும் நானும், தயிர் சாதத்தை வாயில் வைத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறேன். பெண் பார்க்க வந்த காட்டேரிக்குக் கல்யாணமும் ஆகி, வீட்டோடு மாப்பிள்ளையாகி, கதை அத்தியாயம் அத்தியாயமாக நீண்டது.

இருபதாம் அத்தியாயம் வாக்கில் அண்ணாச்சியின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. காட்டேரி பேசினால் நிஜக் காட்டேரியே பேசுவது மாதிரி இருக்கும். "அம்மா, அங்கிள் வாய்ஸ் பலே உந்தி!" என்று தெலுங்கில் மெச்சி என் மகள் துள்ளினாள். க்ரூப்பில் கைதட்டல் குவிந்தது. நானும் சும்மா இருந்தேனா? "இந்தக் குரல் பிரமாதம் அண்ணாச்சி, இதையே விடாதீங்க" என்று பெரிய ரசிகை மாதிரி எழுதினேன்.

அவரும் விடவில்லை. மதினி டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். "தொண்டையை இப்பச் சரி பண்ணினா காட்டேரிக்கு யாரு குரல் குடுக்கது? புள்ளைங்க ஆசப்படுதுல்லா" என்று நாலு மாதத்தை ஓட்டிவிட்டார். கடைசியில் போனபோது குரல்வளையில் புற்றுக் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டும். கழுத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியாகத்தான் இனி மூச்சு. பேச்சு போனது போனதுதான்.

அண்ணாச்சி டாக்டரிடம் உயிரைக் கேட்கவில்லை, பத்து நாள் கேட்டார். அந்தப் பத்து நாளில் மீதிக் கதையைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று காருக்குள் கிடந்தார். ஒன்பது அத்தியாயம் வந்தது. கடைசி அத்தியாயத்தின் முதல் வரியில் குரல் நின்றுவிட்டது. வெறும் காற்றுச் சத்தம்தான் எங்களுக்கு வந்தது. அதையும் பிள்ளைகள் பயங்கரமான இடம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போனேன். கழுத்தில் கட்டு. என்னைக் கண்டதும் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "ஊரான் கழுத்தையெல்லாம் கடிச்சேன். இப்ப என் முறை." மதினி சமையலறைக்குள் போய்விட்டார்.

"நான்தான் அண்ணாச்சி பாவி. விடாதீங்கன்னு எழுதினேனே. அன்னைக்கே டாக்டர்ட்ட போங்கன்னு சொல்லியிருக்கணும்" என்று அழுதேன். பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு நோட்டில் எழுதினார்: "குரல் நல்லாத்தான இருந்துச்சு?"

என்ன மனுஷன்! "பிரமாதமா இருந்துச்சு அண்ணாச்சி" என்றேன். துட்டி முகம் முதல்முறையாக மலர்ந்தது. உடனே நோட்டின் பின்பக்கத்திலிருந்து நாலு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். கடைசி அத்தியாயம். நான்தான் பேச வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்தில் அவர் காருக்குள் உட்கார்ந்தோம். கதையில் மாமனார் சாகக் கிடக்கிறார். மாப்பிள்ளைக் காட்டேரி தலைமாட்டில் உட்கார்ந்து கேட்கிறான்: "மாமா, லேசா ஒரு கடி கடிக்கட்டுமா? அப்புறம் உங்களுக்குச் சாவே கிடையாது." மாமனார் யோசித்துவிட்டுச் சொல்கிறார்: "வேண்டாம் மாப்ள. உங்க அத்தை சமையல இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு யாரு திங்கது?"

அந்த இடம் வந்ததும் நான் அழுதுவிட்டேன். அண்ணாச்சி ஓங்கி டாஷ்போர்டில் அடித்தார். நோட்டு வந்தது: "அது சிரிக்கிற இடம். திரும்பப் பேசு." தர ஆய்வுப் பிரிவு சும்மா விடுமா? ஏழு தடவை திருப்பி அனுப்பினார். எட்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, அழாமல் பேசி முடித்தேன். தலையை ஆட்டினார். "மனசில்லாமல் பாஸ்" என்று எழுதினார்.

ஒரு மணிக்கு அனுப்பினோம். எல்லார் வீட்டிலும் சாப்பாட்டு நேரம். சிறிது நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து சிரிப்பு கேட்டது, பிறகு மேல் மாடியிலிருந்து. கதவைத் திறந்து பார்த்தேன். அண்ணாச்சி லுங்கியோடு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று, யார் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். அதற்கப்புறம் அவர் இருந்தது ஐந்து மாதம்தான்.

அன்று வாசலில் நின்ற என்னை அவர் பார்க்கவில்லை. நான் சத்தம் போடாமல் உள்ளே வந்து, எங்கள் வாசலுக்கு அவர் வரும் நேரம் பார்த்து, கதையை முதல் அத்தியாயத்திலிருந்து, அவர் குரலிலேயே போட்டு, வால்யூமை முழுசாகக் கூட்டி வைத்தேன்.