கெண்டைக்கு உகந்த இரை: குழுவின் முடிவு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் கையகலக் கெண்டைக்கு உகந்த இரை எது என்பதைக் குழு அமைத்து ஆராயும் பக்குவம் அதற்கு வர, பதிவறைக் கண்காணிப்பாளர் ஓய்வுபெறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓய்வுபெற்ற கையோடு, உடன் ஓய்வுபெற்ற மூவரைச் சேர்த்துக்கொண்டு அவர் 'சிறுமீன் தூண்டிலர் சங்கம்' தொடங்கித் தலைவரானார். சங்கம் இன்றுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள்.

சோதனை, மகளின் மாமனார் வடிவில் தொலைபேசியில் வந்தது.

"காலையில ரொட்டியைக் கிள்ளிப் போட்டேன் சம்பந்தி. ஏழெட்டுக் கெண்டை வந்துச்சு."

"ரொட்டியா? அதுல ஒரு முறை இல்லையே சம்பந்தி. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. நான் பிடிச்ச மீனைத்தான் உங்க தட்டுல வைப்பேன்."

போனை வைத்தவரை வீட்டம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த வாயால சொன்னீங்க?"

"சங்கத் தலைவர் வாயால."

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் அவசரக் கூட்டம் கூடியது. மண்புழு, மாவு உருண்டை, வெட்டுக்கிளி, பொருளாளர் கொண்டுவந்த ரப்பர் புழு ஆகிய நால்வரும் 'நேர்காணலுக்கு' அழைக்கப்பட்டனர். வெட்டுக்கிளி பாதியில் ஜன்னல் வழியாக வெளிநடப்புச் செய்தது. மாவு உருண்டையைத் துணைத்தலைவர் யோசனையிலேயே தின்றுவிட்டார். ரப்பர் புழுவுக்கு முன் அனுபவம் இல்லை.

"மண்புழுன்னா மீனுக்கு உயிர்" என்றார் செயலாளர்.

"மீன் சொல்லிச்சா?" என்றார் தலைவர்.

"எழுத்துமூலமா இல்ல."

"அப்போ 'எனக் கூறப்படுகிறது'ன்னு போடுங்க."

மண்புழு ஏகமனதாகத் தேர்வானது. தேர்வான புழுக்களிடையே ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாதென்று அவை மூச்சுக்குத் துளையிட்ட டப்பாவில் அடைக்கப்பட்டன. மூடியைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, அதன்மேல் நால்வரும் கையெழுத்திட்டு, அரக்கு முத்திரையும் வைத்தார்கள். நால்வர் முன்னிலையில்தான் பிரிக்கலாம் என்பது விதி. இப்படியொரு பாதுகாப்பு எந்தப் புழுவுக்கும் இதுவரை கிடைத்ததில்லை.

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் மூவர்தான் நின்றார்கள்.

"பொருளாளருக்குப் பல்வலியாம். வரல" என்றார் செயலாளர். "நாம பிரிச்சிடலாமா தலைவரே?"

"நாலு கையெழுத்தை மூணு பேர் பிரிச்சா முறைகேடு."

"ஒரே ஒரு புழு?"

"ஒண்ணுன்னா சின்ன முறைகேடு. அதுவும் முறைகேடுதான்."

கண்ணெதிரே கெண்டைகள் துள்ளின. நாளை தட்டில் எதை வைப்பது என்ற கவலை தலைவருக்கு வந்தது. ஆனாலும் விதி விதிதான். மதியம் வரை டப்பாவைக் காவல் காத்துவிட்டு, அவர் சந்தை வழியாக வீடு திரும்பினார்.

ஞாயிறு மதியம் சம்பந்தி சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

"பிரமாதம். இரை என்ன சம்பந்தி?"

"மண்புழு. கடுமையான தேர்வு" என்று தொடங்கிய தலைவர், இருபது நிமிடம் பேசினார். ரப்பர் புழு நிராகரிக்கப்பட்ட காரணத்தை மட்டும் இரண்டு முறை விளக்கினார். சம்பந்தி தலை நிமிராமல் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு வைக்கட்டுமா அண்ணா?" என்றார் வீட்டம்மா, அவசரமாக.

"வைம்மா. நானும் இனிமே ரொட்டியை விட்டுடறேன். சம்பந்தி முறையே தனி."

மறுநாள் கூடிய சங்கம், தன் இரைத்தேர்வு முறை 'களத்தில் நிரூபிக்கப்பட்டது' எனத் தீர்மானம் நிறைவேற்றியது. பல்வலி தீர்ந்த பொருளாளர் முதல் கையெழுத்தைப் போட்டார்.

சம்பந்தி சாப்பிட்டது மத்தி. மத்தி கடலில்தான் இருக்கும்.