பின்னறைக்காக ஞாபகம் இழந்தவன்

கர்ர்ர்... கர்ர்ர்...

பூமிதான் பிளக்கிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால், என் மனைவி கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். கட்டிலின் மேல் நான்.

பிஸ்கட் ஆலையில் எனக்கு இரவு வேலை. ஊர் எழுந்திருக்கும்போது படுக்கிற ஜென்மம். பகலிலும் இருட்டு கிடைக்கிற இடம் வீட்டில் ஒன்றுதான்: ஜன்னல் இல்லாத பின்னறை. சொர்க்கம் ஒளிமயமானது என்று சொன்னவன் இரவு வேலை பார்த்திருக்க மாட்டான்.

"நாளைக்கு என் தம்பி வர்றான்ல? பின்னறை அவனுக்கு. நீங்கதானே சரின்னீங்க?"

"நான் எப்போடி சொன்னேன்?"

"நேத்து நீங்க படுத்ததும் கேட்டேன். 'ம்'னீங்க."

அதுதான் அவள் வழி. எனக்குக் கண் சொருகும் நேரம் பார்த்து மனுப் போடுவாள். அப்போது 'உங்க தலையை வெட்டட்டுமா?' என்றாலும் 'ம்' என்பேன். வாசல் கதவுக்குப் பச்சைச் சாயம் வந்தது இப்படித்தான். பூனை வந்தது இப்படித்தான். இப்போது மைத்துனன். குறட்டையால் 'இஞ்சின்' என்று பேர் வாங்கியவன்.

இந்த முறை விடுவதில்லை என்று சபதம் செய்தேன். போன ஞாயிறு இருவரும் ஒரு துப்பறியும் படம் பார்த்திருந்தோம். அதில் கொலைகாரன், அடிபட்டு எல்லாம் மறந்துபோனதாக நடித்து, போலீஸ் காதிலேயே பூச்சுற்றுவான். ஞாபகமே இல்லாதவன் கொடுத்த சம்மதம் எப்படிச் செல்லும்?

கட்டிலிலிருந்து உருண்டேன். தொப்! மண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"யாரும்மா நீங்க?"

அவள் கண் கலங்கும் என்று காத்திருந்தேன். கலங்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"உங்க சம்சாரம். ஐயோ பாவம், எல்லாம் மறந்துபோச்சா?"

"எல்லாமே. யாருகிட்ட என்ன சொன்னேன்னுகூடத் தெரியல. பின்னறை இருட்டுல படுத்தா சரியாகும்னு தோணுது."

"உங்களுக்கு இருட்டுன்னாலே நடுக்கமாச்சே! எப்பவும் கூடத்துலதான் படுப்பீங்க."

"நானா?"

"வேலை விட்டு வந்ததும் பாத்திரம் முழுக்கத் தேய்ச்சிட்டுத்தான் படுப்பீங்க. என்னைத் தொடவே விடமாட்டீங்க. என் தம்பின்னா உங்களுக்கு உசிரு. அழுது கூப்பிட்டதே நீங்கதான்."

பதறிப்போனேன். "பொய்! ஞாபகம் வந்திடுச்சு! நான் பாத்திரத்தைத் தொட்டதே இல்ல!"

"படத்துலயும் இப்படித்தாங்க. திரும்பி வர்ற ஞாபகம் அத்தனையும் தப்பா இருக்கும்."

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, தினமும் பாத்திரம் தேய்க்கிறது யாரு?" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

அக்கா என் மனைவி முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "இதென்னம்மா கேள்வி? இந்தத் தம்பிதான். என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிக் காட்டுவேனே!"

சாட்சியும் போச்சு. குழாயடியில் உட்கார்ந்தேன். பின்னறையில் அவள் தம்பிக்கு மெத்தை தட்டிப் போடும் சத்தம் கேட்டது. மூன்றாவது தட்டு பளபளத்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் தேய்க்கிறவன் நான்தானோ?

நான்காவதை எடுத்தேன்.