பொணம் மாமாவின் காலில் விழுந்த வேட்பாளர்கள்

எங்கள் தொகுதியில் நின்ற பெரிய கட்சி வேட்பாளர்கள் அத்தனை பேரும் காலைத் தொட்டுக் கும்பிட்ட ஒரே மனிதர் பொணம் மாமாதான். எந்தத் தலைவருக்கும் எல்லாக் கட்சிக்காரனிடமிருந்தும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. என்ன, அப்போது அவர் செத்துப்போயிருந்தார். செத்துப்போயிருந்தார் என்று அவர்கள் நம்பினார்கள்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டியிருக்கிறது எங்கள் தெரு. தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் கால்வாய். பாலம் கிடையாது. சுற்றிக்கொண்டு போகலாமென்றால் இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி; மழை வந்தால் அதுவும் ஏரி.

மாமாவும் அவர் மனைவி அஞ்சலை அத்தையும் ஒன்றாக உப்பு வாரியவர்கள். அத்தை ஓர் ஐப்பசி மழையில் இறந்துபோனார். பாடை நடுக்கால்வாய்க்குப் போனபோது முன்னால் தூக்கியவனுக்குச் சேற்றில் கால் வழுக்கியது. பாடை சரிந்து அத்தை தண்ணீருக்குள் போய்விட்டார். மாமா முங்கித் துழாவித் தூக்கிக்கொண்டு வந்தார். சொட்டச் சொட்ட ஈரப் புடவையோடுதான் புதைத்தோம்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே பேச்சு. கல்யாண வீட்டுக்குப் போனாலும், "பொண்ணு லட்சணமா இருக்குது. பாலந்தான் இன்னும் வர்ல" என்பார். போன சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொரு வேனுக்கும் குறுக்கே போய் நின்றார்.

"சுடுகாட்டுக்குப் பாலம் போடுவியா, மாட்டியா? அத்தச் சொல்லு மொதல்ல!"

வேனிலிருந்து ஒரு கும்பிடு வரும். வேன் போய்விடும்.

"ஏம்பா, நீ படிச்சவன். கும்பிட்டா போடுவான்னு அர்த்தமா, மாட்டான்னு அர்த்தமா?" என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்?

தேர்தல் வந்தால் எங்கள் பக்கம் சாவுக்குத் தனி மவுசு. வேனை விட்டு இறங்காத வேட்பாளர் சாவு வீட்டுக்கு மட்டும் மாலையோடு நடந்து வருவார். அதைக் கவனித்துவிட்டு மாமா ஒருநாள், "செத்தாதான் எறங்கி வர்றானுங்க. நான் செத்துட்றேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, எதுனா பண்ணிக்காதீங்க!"

"அட, சும்மா சாவறதுக்கு என்னாடா?"

மறுநாள் காலையில் செத்தார். பந்தல், பறை, சங்கு எல்லாம் ஏற்பாடு. மூக்கில் பஞ்சு வைத்து, தாடையை இறுக்கிக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினோம். எதன் வழியாக மூச்சு விடுவார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பிணம் 'உம் உம்' என்று முனகிய பிறகுதான் ஒரு பக்கப் பஞ்சை எடுத்தோம்.

முதல் வேட்பாளர் வந்தார். மாலை போட்டார், காலைத் தொட்டார், போட்டோ எடுத்துக்கொண்டார். மாமா சொல்லிக்கொடுத்தபடி நான் கேட்டேன்: "பாலம் விஷயத்துல உங்க முடிவு என்னாங்க?"

"ஆட்சிக்கு வந்தா ஆய்வு பண்ணுவோம்."

பிணத்தின் கால் கட்டைவிரல் ஆடியது. நல்லவேளை, போட்டோக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாமவர், "டவுன்லயே மின்மயானம் கட்டித் தர்றோம்" என்றார். நாங்கள் எரிப்பதில்லை, புதைக்கிறவர்கள் என்று சொல்வதற்குள் கிளம்பிவிட்டார்.

மூன்றாமவர் நல்ல மனிதர்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டதும் நேரே கால்வாய்க்கரைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, "முட்டித் தண்ணிதானேங்க இருக்குது? நடந்தே போய்டலாமே" என்றார்.

மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"டேய்! நீ ஓட்டுக் கேக்கற மாசத்துல முட்டித் தண்ணி. நாங்க சாவற மாசத்துல கழுத்துத் தண்ணிடா!"

வேட்பாளர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் கொடியோடு உப்புப் பாத்தியில் விழுந்தடித்து ஓடினார்கள். அழ வந்திருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போனது.

"எதுக்குய்யா செத்த?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு கேள்வி கேக்கத்தாங்க. உசுரோட கேட்டா யாரும் நிக்க மாட்டேங்கறாங்க."

இன்ஸ்பெக்டர், இனிமேல் முன்னனுமதி இல்லாமல் சாகக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். அன்று முதல்தான் 'பொணம்' என்ற பெயர். சொந்தப் பெயர் இப்போது ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

மூன்று பேரில் ஒருவர் ஜெயித்தார். பாலம் வரவில்லை. அடுத்த மழையில் என் அப்பா இறந்தார். ஜெயித்தவரிடமிருந்து மாலை மட்டும் ஓர் ஆள் கையில் வந்தது.

பாடையோடு கரைக்குப் போனால், மாமா எங்களுக்கு முன்னாலேயே கால்வாய்க்குள் இறங்கிக் காலால் சேற்றைத் துழாவி வழி பார்த்துக்கொண்டிருந்தார். "என் தலை மேல வைங்கடா" என்றார். வைத்தோம். மற்றவர்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டோம். நடுவில் தண்ணீர் அவர் வாய்வரை வந்தது. அந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்தது அப்போதுதான். பிணமாகக் கிடந்த அன்றுகூட முனகினார். மூச்சை அடக்கிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கரையேறியதும் குடித்த உப்புத்தண்ணீரையெல்லாம் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் வேட்டியை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார்.

"காஞ்சிதாம்பா இருக்குது. நனையவேயில்ல" என்றவர், அஞ்சலை அத்தையின் பெயரைச் சொல்லி மண்ணில் விழுந்து அழ ஆரம்பித்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அப்பாவுக்காக அழுததைவிட அவருக்காகத்தான் நான் அதிகம் அழுதேன்.