கறுப்புப் பியரில் ஒரு பச்சை முட்டை

'தெரியாது' என்ற சொல் என் வாயில் வரப் பழகியது நாற்பத்தெட்டு வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்பேன். ஒருமுறை திருகோணமலை பஸ் நிலையத்தடியில், குடும்பத்தோடு வாகனத்தில் வந்த ஒரு வான்காரர் கலியாண மண்டபம் ஒன்றுக்கு வழி கேட்டார். அப்படியொரு மண்டபம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனால் கை தானாக வடக்கே நீண்டுவிட்டது. அந்தக் குடும்பம் திரியாய்க் கிராமம் வரை போய், வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்தபோது, தாலி கட்டி, பந்தியும் முடிந்து, கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம். (மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்த வானுக்குள்தான் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து ஒரு மாதம் பஸ் நிலையப் பக்கம் நான் போகவில்லை.)

இந்தக் கைதான் பிறகு பியருக்கும் நீண்டது.

அப்போது நான் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் ஒரு ஹோட்டலில் களஞ்சியப் பொறுப்பாளன். அரிசி, பருப்பு, சவர்க்காரம், தலையணை உறை எல்லாம் என் கையில். அருமையான வேலை. மூட்டைகள் எதிர்த்துக் கதைக்காது. ஒருநாள் முதலாளி தர்ஷினி மிஸ் கூப்பிட்டு, இனிமேல் களஞ்சியத்தைக் கம்பியூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றார். எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, நுவரெலியாவில் இருக்கும் அவருடைய மற்ற விடுதிக்குப் போய் அங்கே களஞ்சியம் பார்ப்பது. மற்றது, இங்கேயே மது பரிமாறும் பாருக்குப் பொறுப்பாக இருப்பது.

நுவரெலியா என்ற பெயரைக் கேட்டதும் எனக்குப் பல்லுக் கிடுகிடுத்தது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை அங்கே போய், மூன்று நாளும் போர்வைக்குள்ளேயே கிடந்தவன் நான். அந்த ஊரில் நான் பார்த்த ஒரே காட்சி போர்வையின் உட்பக்கம். அதோடு மனைவி சுகந்திக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை. மகள் அபிராமிக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. அவர்களை விட்டுவிட்டு அந்தக் குளிரில் நான் தனியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

"பாலா, உங்களுக்கு பியரைப் பற்றி ஏதும் தெரியுமோ?" என்று மிஸ் கேட்டார்.

"ஓம் மிஸ். நல்லாத் தெரியும்."

"எந்த மாதிரிப் பியர்?"

"எல்லா மாதிரியும்."

"ஸ்டவுட்?"

"அதுதான் மிஸ் என்ர ஸ்பெஷல்."

உண்மையைச் சொன்னால், இருமல் மருந்தில் கலந்திருப்பதைத் தவிர வேறு மது என் தொண்டைக்குள் இறங்கியதே இல்லை.

மிஸ்ஸுக்கு முகம் மலர்ந்தது. டெக்லன் என்று ஒரு அயர்லாந்துக்காரர் மலைநாட்டில் சின்னதாக ஒரு பியர் ஆலை வைத்திருக்கிறாராம். இரசாயனம் எதுவும் படாத பார்லியில், தன் நாட்டு முறைப்படி, இனிப்பில்லாத கறுப்பு ஸ்டவுட் செய்கிறாராம். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொண்டுவருவார். நாங்கள் மூன்று பேரும் சுவைத்து மதிப்பிட வேண்டும். "நீங்கள் சரியாச் சொன்னீங்கள் எண்டால் பார் உங்கட கையில, பாலா" என்றார்.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, சாராய வாசம் பட்டாலே தும்முற மனுசன் நீங்கள். பாருக்குப் பொறுப்போ? தெரியாதெண்டு சொன்னால் உயிரே போகும்?"

"உயிர் போகாது. நான்தான் நுவரெலியாவுக்குப் போகோணும்."

அவள் எழும்பிப் போனாள். அலுமாரியைத் திறந்து, மேல் தட்டிலிருந்து என் பழைய சுவெட்டரை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். எனக்குப் பதற்றம் தொடங்கியது அந்த நிமிஷத்தில்தான்.

பதறினால் நான் கூப்பிடுகிற ஆள் சுகந்தியின் அண்ணன் குணம். கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவன். அவனுக்கும் தெரியாத விஷயம் என்று ஒன்று இல்லை. (இந்த ஒற்றுமையில்தான் எங்கள் உறவு நிற்கிறது.) தொலைபேசியில், இரசாயனப் பசளை, பூச்சிமருந்து போடாமல் இயற்கையாக விளைந்த பார்லி என்று நான் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இயற்கையோ? பசளை இல்லாமச் செய்த போகத்தில என்ர வயல் கிடந்த கிடை உனக்குத் தெரியாதோ? நெல்லு முழங்காலுக்கும் வரேல்ல. அதில பியர் வருமோ மச்சான்?"

"அதை விடு. ஸ்டவுட்டை எப்பிடிப் பாக்கிறது? அதைச் சொல்லு."

அவன் குரல் உடனே வைத்தியர் குரலாக மாறியது. "ஸ்டவுட் எண்டால் மருந்து. கறுப்பா, தடிப்பா, இனிப்பா இருக்கோணும். இனிப்பில்லாட்டிப் பழுதாப்போச்சு எண்டு அர்த்தம். ஒரு பச்சை முட்டை ஊத்தி நல்லா அடிச்சுக் குடிக்கோணும். முட்டை இல்லாமக் குடிக்கிறவனுக்கு ஸ்டவுட்டைப் பற்றி ஒண்டும் தெரியாது. எங்கட ஐயா காய்ச்சலில விழுந்து எழும்பினது அதாலதான்."

நான் 'முட்டை' என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

சனிக்கிழமை காலை குசினிக்குப் போனேன். தலைமைச் சமையல்காரர் நஸீர் நானா, கிண்ணியாக்காரர், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, ஒரு முட்டை தாங்கோ."

"அவிச்சதா, பொரிச்சதா?"

"பச்சை."

"எதுக்குத் தம்பி?"

"பியருக்கு."

கத்தியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் அந்தச் சாமான் இருக்கிற பக்கமே வரமாட்டன். ஆனா இந்த முட்டை என்ன பாவம் செஞ்சது?" என்று சொல்லி எடுத்துத் தந்தார்.

முட்டையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பது எப்படி என்று எந்த ஹோட்டல் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு காலை நீட்டி, அடைகாக்கிற கோழியின் கவனத்தோடு இருந்தேன். துறைமுகத்தைப் பார்த்த விறாந்தையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. கண்ணாடிக் குவளைகள், தண்ணீர், வாயைச் சுத்தப்படுத்தக் கிறீம் கிராக்கர் பிஸ்கட், ஆளுக்கொரு மதிப்பீட்டுப் படிவம், ஒரு பேனை. டெக்லன் செந்தாடி வைத்த நெடிய மனிதர். வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை. 

குவளையைச் சரித்துப் பிடித்து மெல்ல ஊற்றினார். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். விளிம்பில் மட்டும் நாவற்பழச் சாறு போலச் சிவந்தது. மேலே பால்கோப்பி நிறத்தில் இரண்டு விரல் நுரை. வறுத்த பார்லிதான் இதற்கு உயிர் என்றும், சீனிச் சத்தெல்லாம் புளித்து முடிந்துவிடுவதால் வாயில் இனிப்பு மிஞ்சாது என்றும் ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். மிஸ்ஸும் மூடினார். நானும் மூடினேன். தும்மினேன்.

ஒரு மிடறு குடித்தேன். கைத்தது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. குணத்தின் சட்டப்படி பார்த்தால் இது பழுதாகிப்போன சாமான். ஆனால் செய்த மனிதரோ எதிரில் இருந்து, பிள்ளையின் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் தகப்பனைப்போல என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படிவத்தை எடுத்தேன். தோற்றம் என்ற பெட்டியில் 'கறுப்பு' என்று எழுதினேன். மணம்: 'உண்டு'. அடுத்த பெட்டி பியரின் உடம்பு எப்படி என்று கேட்டது. யோசித்துவிட்டு 'நல்ல சுகம்' என்று எழுதினேன். (வாயில் அது எவ்வளவு தடிப்பு என்று கேட்டதாம்.) சுவை என்ற பெட்டிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. டெக்லன் அரைப் பக்கம் எழுதி முடித்திருந்தார். மிஸ் பின்பக்கத்தையும் திருப்பிவிட்டார்.

"பாலா, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

முதுகில் சுவெட்டர் ஏறுவதுபோல இருந்தது.

"மிஸ், இப்பிடி வெறுமையாக் குடிச்சு முடிவு சொல்ல ஏலாது. எங்கட முறை வேற."

மிஸ் அதை மொழிபெயர்த்தார். டெக்லன் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். நான் பெரிய குவளையொன்றை எடுத்து விளிம்பு வரை ஸ்டவுட்டால் நிரப்பினேன். பைக்குள் கையை விட்டு முட்டையை எடுத்தேன். வீட்டில் காலைச் சாப்பாடு என் பொறுப்பு என்பதால் முட்டை உடைக்கிற கை மட்டும் பதறவில்லை. ஒரு கையாலேயே டக்கென்று தட்டி உள்ளே விட்டேன்.

எங்கள் ஊர்க் கடலில் சூரியன் எழும்பும், இறங்காது. அன்றுதான் திருகோணமலையில் ஒரு சூரியன் கறுப்புக்குள் மெல்ல மெல்ல இறங்கியதை மூன்று பேர் பார்த்தோம். 

முள்ளுக்கரண்டியை எடுத்து, நல்லா அடிக்கோணும் என்று குணம் சொன்னபடி, அடித்தேன்.

முதலில் ஒரு சின்ன உறுமல் கேட்டது. பிறகு நுரை எழும்பியது. எழும்பியது என்றால் பால் பொங்குவதுபோல அல்ல. அடைத்து வைத்த ஏதோ ஒன்று விடுதலை பெற்று வெளியேறுவதுபோல. குவளையைத் தாண்டி, விரிப்பைத் தாண்டி, மிஸ்ஸின் படிவத்தைத் தாண்டி, நேராக டெக்லனின் வெள்ளைக் காற்சட்டைக்குப் போனது. நான் கையால் பொத்தினேன். விரலிடுக்கால் பீறிட்டு என் சேட்டை நனைத்தது. எப்படியாவது அடக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் வாயை வைத்து மூடினேன். மூக்கால் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

எங்கள் ஊர் மான்கள் வீதியில் மாடுபோலத் திரிபவை. வழக்கமாக விறாந்தைப் பக்கம் வந்து நிற்கிற ஒன்று கழுத்தை நீட்டி, நனைந்து கிடந்த என் படிவத்தை இழுத்து நிதானமாகச் சப்பித் தின்றது. அன்றைக்கு அந்த ஸ்டவுட்டை ஒழுங்காகச் சுவைத்து மதிப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான்.

"எங்கட முறையோ?" என்றார் மிஸ், கன்னத்து நுரையைத் துடைத்தபடி. "நான் இதைக் கேள்விப்பட்டதே இல்லையே, பாலா."

"எனக்குத் தெரியாது மிஸ்."

என் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகு அதை நிறுத்த முடியவில்லை. பியர் தெரியாது, ஸ்டவுட் தெரியாது, இருமல் மருந்து மட்டும்தான், மச்சான் சொன்னான், நுவரெலியாவில் குளிரும், மகளுக்குப் பரீட்சை என்று எல்லாம் கொட்டியது. (திரியாய்க்குப் போன வானையும் சொல்லிவிட்டேன். அதை ஒருவரும் விசாரிக்கவே இல்லை.)

மிஸ் பாதியை மொழிபெயர்த்துவிட்டுக் களைத்துப்போனார். டெக்லன் சிரிக்கவில்லை. காற்சட்டையைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: முட்டைக்கு முதல் ஒரு மிடறு குடித்தாயே, அது எப்படி இருந்தது? உண்மையைச் சொல்.

இனி இழக்க ஒன்றுமில்லை என்று சொன்னேன்: "அடிப்பிடிச்ச சோத்துப் பானையில தண்ணி விட்டு ஊறவைச்சு, அதில சீனி போடாத கோப்பிய ஊத்தினமாதிரி. கைச்சது. ஆனால் விழுங்கின பிறகு வாய் கழுவினமாதிரி வெறுமையாப் போச்சு. பிறகு தின்ட கிறீம் கிராக்கர் எண்டைக்கும் இல்லாத ருசி."

மிஸ் சொல்லி முடிக்க, மனிதர் மேசையில் அடித்தார். (மிச்ச நுரையும் பறந்தது.) வறுவல், கைப்பு, கடைசியில் வாய் காய்ந்து சுத்தமாகிப் போவது, இதைத்தானே இத்தனை நாளாக வாங்குகிறவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் அல்லாடுகிறேன் என்று சொல்லி, தன் படிவத்தின் நனையாத மூலையில் எழுதிக்கொண்டார். பிறகு குவளையில் மிஞ்சிக் கிடந்த முட்டைக் கலவையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். குவளையை மெல்லத் தூரத் தள்ளிவைத்தார். அதைப் பற்றி மட்டும் அவர் எதுவும் எழுதவில்லை.

வீட்டு வாசலில் சுகந்தி மோப்பம் பிடித்தாள்.

"குடிச்சனீங்களோ?"

"நான் ஒரு மிடறுதான். மிச்சம் முழுக்க இந்தச் சேட்டுத்தான் குடிச்சது."

குணத்துக்கு அழைத்துச் சொன்னதும், அவன் என்னைத் திட்டினான். "முட்டைய முதல் தனிய அடிச்சுப்போட்டு, பிறகு ஸ்டவுட்டை மெல்ல மெல்ல ஊத்தோணும்! ஆர் உன்னை நிரப்பிப்போட்டு அடிக்கச் சொன்னது?"

"நீ சொல்லேல்லையே."

"அதுவும் சொல்லோணுமே மச்சான்?"

திங்கட்கிழமை மிஸ் கூப்பிட்டார். சுவெட்டரை மனதுக்குள் மடித்துக்கொண்டே போனேன்.

"பாரை உங்களிட்டத் தர ஏலாது, பாலா."

"விளங்குது மிஸ்."

"ஆனால் நஸீர் நானா உங்களைக் கேக்கிறார். காலைச் சாப்பாட்டுப் பகுதியில முட்டை போடுற ஆள் கட்டாருக்கு வேலைக்குப் போகுது. நீங்கள் ஒரு கையால உடைச்சதை அவர் கண்டவராம். 'ஒரு துண்டு முட்டைக் கோதும் விழல்ல மிஸ்' எண்டு சொன்னவர்."

அந்தச் சாமான் இருக்கிற பக்கமே வரமாட்டேன் என்ற மனிதர் குசினி யன்னலால் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது அந்தக் காலைச் சாப்பாட்டுப் பகுதி முழுவதற்கும் நான்தான் பொறுப்பு. விடிய வேலை, மத்தியானம் வீடு, கண்ணுக்கு முன்னால் கடல். டெக்லனின் ஸ்டவுட்டும் எங்கள் பாரில் விற்பனையாகிறது. பான அட்டையில் அதன் பெயருக்குக் கீழே, 'அடிப்பிடித்த சோற்றின் மணம், சீனியில்லாத கோப்பியின் கைப்பு' என்று போட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'முட்டை சேர்க்கப்படமாட்டாது' என்று ஒரு வரி. மிஸ் பகிடிக்குப் போட்டது. வெள்ளைக்காரர்கள் விளங்காமல் கேட்பார்களாம்.

வீட்டில்தான் தண்டனை முடியவில்லை. தெரியாத விஷயத்தில் நான் வாயைத் திறந்தால் சுகந்தியோ அபிராமியோ எழும்பிப் போய்ப் பிரிட்ஜைத் திறந்து, ஒரு முட்டையை எடுத்துவந்து என் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போன கிழமை குணம் வந்திருந்தான். நிலவுக்கு ரொக்கெட் போவது எப்படி என்று நாங்கள் இரண்டு பேரும் அவர்களுக்கு விளக்கத் தொடங்கினோம். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேசையில் இரண்டு முட்டை.

நானே எழும்பி உடைத்தேன்: குணத்துக்கு வெங்காயம் போட்டு ஒம்லெட், எனக்கு அரைவேக்காடு. ஒரு துண்டுக் கோதும் விழவில்லை.