எல்லாரும் இறங்கியாச்சா?

கண்டக்டரம்மா விசிலை ஊதியதும் முதலில் இறங்கி வந்தது ஒரு குப்பைக்கூடை. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மனைவி.

“வண்டி எங்கேக்கா?”

“எந்த வண்டிம்மா?”

“குப்பை வண்டி. விசில் சத்தம் கேட்டுச்சே!”

கண்டக்டரம்மா கையிலிருந்த விசிலைப் பார்த்தார். பேருந்தில் காலமெல்லாம் ஊதிய விசில் அது. ஒரு ஊதலுக்கு ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். ஓய்வு பெற்று, குடியிருப்பின் அவசரகாலத் தன்னார்வக் குழுவுக்குத் தலைவியானபோது அதையும் கூடவே கொண்டுவந்திருந்தார். குப்பை வண்டிக்காரரும் விசில்தான் ஊதுவார் என்பது இந்த நிமிடம்வரை அவருக்குத் தோன்றவே இல்லை.

அதற்குள் பின்படி வழியாக இன்னும் ஏழெட்டுக் கூடைகள் வந்து சேர்ந்தன.

“இது தீ விபத்து ஒத்திகைங்க! நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே!”

“அதுக்கென்ன, தாராளமா நடத்துங்க” என்று ஒருவர் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்துவிட்டு, கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு ஏறிப் போனார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். இப்போது பின்படியில் ஆள் இல்லை, குப்பை இருந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தீயணைப்பு அதிகாரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

“பார்த்தீங்களா சார்? குப்பை வைக்கத் தவிர பின்படியை ஒருத்தரும் சீந்தறதில்ல. பூட்டிட்டா பழைய சாமான் போட இடமாச்சு. அனுமதிக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுடுங்க.”

“ஒத்திகை முடியட்டும். ஜனங்க அந்தப் படியில இறங்கி வந்தா பூட்ட விடமாட்டேன். வரலைன்னா போட்டுத் தரேன்.”

கண்டக்டரம்மாவின் வீடு ஐந்தாம் மாடி. வீட்டுக்காரருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. முன்படியோ லிஃப்டைச் சுற்றிச் சுற்றி ஏறும் குறுகல் படி. லிஃப்டில் தீப்பிடித்தால் அது புகைக்கூண்டுதான். பின்படியையும் பூட்டிவிட்டால் அந்த மனிதருக்குத் தப்பிக்க வழியே கிடையாது. செயலாளரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. “பிடிச்சா பார்த்துக்கலாம்” என்பதுதான் அவர் பதில்.

“அக்கா சொல்றது நியாயம்தானேங்க” என்றார் பக்கத்தில் வந்து நின்ற செயலாளரின் மனைவி.

“உனக்கென்ன தெரியும்? போய் வேலையைப் பாரு.”

அந்த அம்மாள் மின்பெட்டி அறைப் பக்கமாக நகர்ந்துவிட்டார்.

விசில் கைவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறதே. கண்டக்டரம்மா முற்றத்தில் நின்று அண்ணாந்து கத்தினார்: “தீ! தீ!”

பலன் உடனே தெரிந்தது. திறந்திருந்த கதவுகளெல்லாம் படபடவென்று சாத்திக்கொண்டன. இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து மட்டும் ஒரு வாளித் தண்ணீர் வந்தது. நல்ல மனசோடுதான் ஊற்றினார்கள். அது நேராக அதிகாரியின் தலையில் விழுந்தது.

“நான் கிளம்பறேம்மா” என்று எழுந்தார் அவர், சொட்டச் சொட்ட.

“கொஞ்சம் பொறுங்க சார்! ஆளோட வரேன்!”

கூடைகளைத் தாண்டி மேலே ஓடினார் கண்டக்டரம்மா. ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

“ஒத்திகைதானேக்கா? நிஜமா பிடிச்சா சொல்லி அனுப்புங்க, கண்டிப்பா வரோம்.”

“வீட்டுக்கு ஒரு ஆள் வந்தா போதுமா?”

கடைசியில் சொந்த வீட்டுக் கதவு. சாய்வு நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் அசையவில்லை. “இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒத்திகைக்கு எவனாவது இறங்குவானா? நான் வந்ததா எழுதிக்கோ.”

ஜன்னல் வழியே பார்த்தால் அதிகாரி தொப்பியைப் பிழிந்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். படியில் இறங்கினால் பிடிக்க முடியாது. ‘ஆபத்து நேரத்தில் லிஃப்டில் ஏறாதீர்கள்’ என்று தானே ஒட்டிய அறிவிப்பைப் பார்க்காததுபோல் பார்த்துவிட்டு, கண்டக்டரம்மா லிஃப்டில் ஏறினார்.

கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட் அது. தரைக்கு இடுப்பளவு உயரம் இருக்கும்போது ஒரு குலுக்கலோடு நின்றது. விளக்கும் அணைந்தது.

பதறிப்போய் விசிலை ஊதினார்.

“கண்டக்டரம்மா லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்களாம்!”

தீ என்றபோது சாத்திய கதவுகள் எல்லாம் இதற்குத் திறந்தன. முன்படி முழுக்கத் தலை. ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏறாதீங்கன்னு நோட்டீஸ் ஒட்டினதே இவங்கதான்!” என்று சிரித்தார் செயலாளர். அவமானத்தில் கண்டக்டரம்மாவுக்கு அழுகை முட்டியது. அடுத்த நொடி அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த அதிகாரி கம்பிக் கதவில் கை வைத்தார். “பயப்படாதீங்கம்மா, நெம்பித் திறந்துடறேன்.”

“கையை எடுங்க சார். நான் வரமாட்டேன்.”

“என்னம்மா சொல்றீங்க?”

கண்டக்டரம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்பியை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இந்தக் கட்டிடத்துல கடைசி ஆள் பின்படி வழியா இறங்கி முற்றத்துல நிக்கிறவரைக்கும் நான் நகரமாட்டேன்.”

“புழுக்கத்துல மயக்கம் வரப் போகுது, விளையாடாதீங்க!” என்றார் செயலாளர்.

“வரட்டும். நாளைக்குப் பேப்பர்ல என் போட்டோ வந்தா, பக்கத்துலயே உங்க போட்டோவும் வரும்.”

செயலாளரின் சிரிப்பு நின்றது.

“நாங்கதான் இறங்கி வந்துட்டோமே!” என்றது கூட்டம்.

“முன்படியில வந்தது செல்லாது. முன்னால ஏறு, பின்னால இறங்கு! கூடையை எடு! நகரு, நகரு!”

அந்தக் குரலுக்குப் பணியாத கூட்டம் உண்டா? முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள், அவரவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கினார்கள்.

“எல்லாரும் இறங்கியாச்சா?”

“ஆச்சு!”

“அஞ்சாம் மாடியில எங்க வீட்டுக்காரர்?”

அதிகாரி செயலாளரைப் பார்த்தார். செயலாளரும் இன்னொருவரும் மேலே போய், அந்த மனிதரைச் சாய்வு நாற்காலியோடு தூக்கிப் பின்படியில் இறக்கினார்கள்.

“மெதுவா சார், நல்ல நாற்காலி” என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார் அவர்.

“இந்தப் படி இல்லேன்னா இவரை எப்படி சார் இறக்குவீங்க?” என்று கேட்டார் அதிகாரி. அதிகாரி கடிதத்தை நாலாகக் கிழித்தார். “பூட்டு கிடையாது. மாசாமாசம் ஒத்திகை நடக்கணும்.”

அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. லிஃப்ட் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கண்டக்டரம்மா சேலையை உதறிக்கொண்டு நிமிர்ந்து வெளியே வந்தார்.

“பாழாப்போன லிஃப்ட்! நாளைக்கே மெக்கானிக்கை வரச் சொல்றேன்” என்று மூச்சு வாங்கினார் செயலாளர்.

மின்பெட்டி அறைப் பக்கமிருந்து வந்த அவர் மனைவி, கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, கண்டக்டரம்மாவின் காதருகே குனிந்தார்.

“மெக்கானிக் எதுக்குக்கா? அடுத்த மாசம் ஒத்திகைக்கு இவரை லிஃப்டுல ஏத்தி விடுங்க, நிறுத்தறது என் பொறுப்பு.”